பட்டனைத் தட்டிய பிறகு போன் படத்துக்கு என்ன செய்கிறது?

போனில் ஒரு படம் எடுத்துவிட்டு உடனே கேலரியில் திறந்து பாருங்கள். முதல் ஒரு விநாடி படம் சாதாரணமாக இருக்கும். நிழல் நிழலாகவே இருக்கும், முகம் முகமாகவே இருக்கும். அப்புறம் கண் முன்னாலேயே டக்கென்று மாறும். இருட்டு மூலை வெளுக்கும், வானத்தில் நீலம் ஏறும், தலைமுடியும் மரத்து இலைகளும் வெட்டி ஒட்டியதுபோல் கூராகும். சில போன்களில் இது அப்பட்டமாகத் தெரியும், சிலவற்றில் கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். முதலில் தெரிந்ததே நன்றாக இருந்ததே, அதை ஏன் கெடுத்தது என்ற எரிச்சல் பலருக்கும் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

எரிச்சல் நியாயமானது. ஆனால் போன் செய்யும் வேலைகளில் ஒரு பகுதி வேறு வழியில்லாமல் செய்வது. அது இல்லாவிட்டால் படத்தைப் பார்க்கவே சகிக்காது. இன்னொரு பகுதி, அந்த நிறுவனத்தில் யாரோ எடுத்த ரசனை சார்ந்த முடிவு. இரண்டையும் சேர்த்து "புராசஸிங்" என்று ஒரே சொல்லில் திட்டிவிடுகிறோம். பிரித்துப் பார்த்தால் எதை அணைக்கலாம், எதை விட்டுவைக்கலாம் என்பது தெளிவாகிவிடும்.

வேறு வழியில்லாத பகுதி

கேமராவுக்குள் ஒளி வந்து விழும் சில்லுதான் சென்சார். கல்யாண வீட்டில் போட்டோகிராபர் கழுத்தில் தொங்கும் ஃபுல் ஃபிரேம் கேமராவில் அது 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம் இருக்கும். பரப்பு 864 சதுர மி.மீ. பல ஆண்டுகளாகப் பெரும்பாலான நல்ல போன்களின் பிரதான கேமராவில் இருந்த சென்சாரின் பரப்பு சுமார் 25 சதுர மி.மீ.தான். முப்பத்தைந்தில் ஒரு பங்கு. இப்போது விலை கூடிய சில போன்களில் வரும் "ஒரு இன்ச்" சென்சார்கூட 13.2 மி.மீ.க்கு 8.8 மி.மீ., அதாவது 116 சதுர மி.மீ. (எந்தப் பக்கம் வைத்து அளந்தாலும் அதில் ஒரு இன்ச் வராது. பழைய டிவி கேமராக் குழாய்க் காலத்து அளவுமுறையை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.)

லென்ஸ் கதையும் இதேதான். போன் பெட்டியில் எஃப் 1.8 என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். லென்ஸின் குவியத்தூரத்தை ஒளி நுழையும் வாயின் விட்டத்தால் வகுத்தால் வரும் எண் அது. போன் லென்ஸின் உண்மையான குவியத்தூரம் 6 மி.மீ. சொச்சம் என்பதால் ஒளி நுழையும் வாயின் விட்டம் 3 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். பெரிய கேமராவில் 50 மி.மீ. லென்ஸை அதே எஃப் 1.8இல் வைத்தால் வாய் 28 மி.மீ. அகலம் திறக்கும். சென்சாரைப் பெரிதாக்கினால் லென்ஸைத் தள்ளி வைக்க வேண்டும், போன் தடிக்கும். இப்போதே கேமரா மேடு மேசையில் போனை ஆட வைக்கிறது.

ஒளி குறைந்தால் என்ன ஆகும்? தூறல் தொடங்கும் நேரத்தில் சிமென்ட் தரையில் ஒரே அளவில் கட்டம் போட்டுப் பாருங்கள். ஒரு கட்டத்தில் நாலு துளி விழுந்திருக்கும், பக்கத்தில் ஒன்று, அதற்கடுத்ததில் ஏழு. மழை எல்லா இடத்திலும் ஒரே சீராகத்தான் பெய்கிறது. துளிகள் குறைவு என்பதால் ஏற்றத்தாழ்வு தெரிகிறது. கொட்டித் தீர்த்த பிறகு பார்த்தால் எல்லாக் கட்டமும் ஒரே மாதிரி நனைந்திருக்கும். ஒளியும் ஃபோட்டான் என்னும் துளிகளாகத்தான் வருகிறது. ஒரு பிக்சலில் (சென்சாரில் ஒளியை அளக்கும் நுண்ணிய புள்ளி) சராசரியாக 100 ஃபோட்டான் விழுகிறது என்றால் அது பத்து கூடவோ குறையவோ இருக்கும். அதாவது 10 சதவீத ஆட்டம். 10,000 விழுந்தால் ஆட்டம் வெறும் 100; ஒரு சதவீதம். இருட்டில் எடுத்த படத்தில் மணல் தூவியது போலத் தெரிகிறதே, அதில் பெரும்பங்கு இந்த ஆட்டம்தான். போட்டோகிராபர்கள் நாய்ஸ் என்பார்கள். மலிவான சென்சார் என்பதால் மட்டும் வருவதல்ல இது. எவ்வளவு காசு கொடுத்தாலும் ஒளியின் இயல்பை மாற்ற முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சென்சாருக்கு நிறம் தெரியாது, வெளிச்சத்தின் அளவு மட்டுமே தெரியும். அதனால் ஒவ்வொரு பிக்சலின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஏதாவது ஒரு வண்ண வடிகட்டி இருக்கும். பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். கோடாக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. ஒரு பிக்சல் அளப்பது ஒரு நிறத்தைத்தான், மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்துக் கணக்கிட்டு நிரப்புகிறார்கள். போன் மட்டுமல்ல, லட்சக்கணக்கில் விலையுள்ள கேமராக்களில் பெரும்பாலானவையும் இப்படித்தான். ஆகவே கணக்குப் போடாத டிஜிட்டல் வண்ணப் படம் வேண்டும் என்று கேட்பதில் அர்த்தமில்லை. எவ்வளவு கணக்கு, யார் விருப்பப்படி என்பதுதான் கேள்வி.

பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்குவது

ஒரு தடவையில் போதுமான ஒளி கிடைக்காவிட்டால் பல தடவை எடுத்துக் கூட்டிக்கொள்ளலாம். ஒன்பது படங்களை எடுத்துச் சராசரி பார்த்தால் நாய்ஸ் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இன்றைய போன் கேமராவின் அடிப்படையே இந்தக் கணக்குதான்.

கூகுளில் மார்க் லெவாய் தலைமையிலான குழு 2013இல் நெக்சஸ் போன்களில் எச்.டி.ஆர். பிளஸ் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. பிற்பாடு வந்த கூகுளின் பிக்சல் போன்களில், கேமராவைத் திறந்து வைத்திருக்கும்போதே போன் படங்களை எடுத்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். நீங்கள் பட்டனைத் தட்டும்போது ஏற்கெனவே கையில் உள்ளவற்றை எடுத்துக்கொள்ளும். அவற்றில் படம் சட்டென்று கிடைத்ததற்கு இதுதான் காரணம். எல்லாப் படங்களையும் வேண்டுமென்றே கொஞ்சம் இருட்டாக எடுப்பார்கள். வானமும் விளக்கும் வெளுத்துப் போகாமல் இருக்க அது உதவும். பிறகு படங்களைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து, கை நடுக்கத்துக்கு ஏற்ப நகர்த்திப் பொருத்தி, ஒன்றாகச் சேர்ப்பார்கள். ஒரு சதுரத்தில் யாராவது நகர்ந்திருந்தால் அந்தச் சதுரத்தைச் சேர்க்காமல் விட்டுவிடும். இரவில் ஓடி விளையாடும் குழந்தையை எடுத்தால் சுவர் சுத்தமாகவும் குழந்தை மட்டும் மணல் மணலாகவும் வருவது அதனால்தான்.

2018 இறுதியில் வந்த நைட் சைட் என்ற கூகுளின் இரவுப் பட முறை இதன் நீட்சி. 2019இல் ஐபோன் 11 அறிமுக விழாவில் ஆப்பிளின் ஃபில் ஷில்லர் டீப் ஃபியூஷனை விளக்கினார். பட்டனைத் தட்டுவதற்கு முன்பே எடுத்த எட்டுப் படங்களையும் தட்டியபின் எடுத்த நீண்ட ஒன்றையும் சேர்த்து, பிக்சல் பிக்சலாகப் பொறுக்கியெடுக்கும் முறை அது. "பைத்தியக்கார விஞ்ஞானம்" என்று அவரே பெருமையாகச் சொன்னார்.

இதுவரை சொன்னதில் எனக்குப் புகாரே இல்லை. ஒளியைச் சேர்ப்பதற்கான கெட்டிக்காரத்தனமான வழி. இதில் சேரும் விவரம் எல்லாம் உங்கள் முன்னால் இருந்த காட்சியிலிருந்தே வந்தது. இதற்குப் பிறகுதான் ரசனை உள்ளே நுழைகிறது.

நிழலை வாழவிடாத போன்

வாசலில் நின்று வீட்டுக்குள் எடுக்கிறீர்கள். சன்னலுக்கு வெளியே உச்சி வெயில், உள்ளே அரை இருட்டு. இரண்டுக்கும் வெளிச்ச வித்தியாசம் ஆயிரம் மடங்குக்கு மேல் இருக்கலாம். திரையில் அவ்வளவு வித்தியாசத்தைக் காட்ட முடியாது. அதனால் வெளிச்சத்தை இறக்கி, இருட்டை ஏற்றி, நடுவில் கொண்டுவந்து அடைக்க வேண்டும். இதற்கு டோன் மேப்பிங் என்று பெயர். ஓரளவுக்கு அவசியம்தான்.

எவ்வளவு ஏற்றுவது என்பதற்கு இயற்பியலில் விடை கிடையாது. பல நிறுவனங்கள் எல்லாமும் தெரிய வேண்டும் என்ற முடிவுக்கு வந்துவிட்டன. மேசைக்கு அடியில் கிடக்கும் செருப்பும் தெரிய வேண்டும், மேகத்தின் ஓரமும் தெரிய வேண்டும். நிழல் போனால் முகத்தின் மேடுபள்ளம் போய்விடும். ஒளி எந்தப் பக்கமிருந்து வந்தது என்றே தெரியாது. மாலை ஆறரை மணிக்கு எடுத்த படம் மதியம் மூன்று மணி போல இருக்கும். இரவுப் படமும் அப்படித்தான். திருவிழா இரவு கறுப்பாக இருந்தால்தானே சீரியல் விளக்குக்கு அழகு?

போதாக்குறைக்கு, வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் இடத்தில், உதாரணமாகக் கோபுர விளிம்பில், மெல்லிய வெள்ளை ஒளிவட்டம் படரும். ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக ஏற்றி இறக்கியதன் தழும்பு அது.

துடைத்துவிட்டுக் கூராக்குவது

எனக்கு அதிகம் உறுத்துவது இதுதான். படங்களைச் சேர்த்த பிறகும் மிச்சமிருக்கும் நாய்ஸை மென்பொருள் துடைக்கப் பார்க்கும். ஆனால் எது நாய்ஸ், எது நுணுக்கம் என்று அதற்கு எப்படித் தெரியும்? இரண்டுமே பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களுக்கிடையே உள்ள சின்ன வித்தியாசங்கள்தான். தோலின் துளைகள், பருத்தித் துணியின் நெசவு, தூரத்துப் புல், செங்கல் சுவரின் சொரசொரப்பு எல்லாம் மணலோடு சேர்ந்து துடைபட்டுப் போகும். துடைத்ததும் படம் மொழுமொழுவென்று ஆகிவிடுமே, அதை ஈடுகட்ட விளிம்புகளைக் கூராக்கும். கூராக்குவது என்றால் புதிதாக விவரம் சேர்ப்பதல்ல. விளிம்பின் இருண்ட பக்கத்தை இன்னும் இருட்டாக்கி, வெளிச்சப் பக்கத்தை இன்னும் வெளிச்சமாக்குவது.

ஆக, நடுவில் வழவழப்பு, ஓரத்தில் கத்தி போன்ற கோடு. பெரிதாக்கிப் பார்த்தால் வாட்டர் கலர் ஓவியம் போலத் தெரிவது இதனால். ஒரு பட்டுப்புடவையை விளக்கு வெளிச்சத்தில் எடுத்துப் பாருங்கள். சரிகைக் கோடுகள் அடித்துக்கொண்டு தெரியும், உடல் பகுதியின் நூல் இழை மட்டும் காணாமல் போய் வழுவழுப்பான பிளாஸ்டிக் தாள் போல் இருக்கும். ஆன்லைனில் புடவை விற்பவர்களைக் கேட்டால் இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

2018இல் ஐபோன் எக்ஸ்.எஸ். வந்தபோது செல்ஃபியில் தோலை வழவழப்பாக்குகிறது, ரகசியமாகப் பியூட்டி ஃபில்டர் வைத்துவிட்டார்கள் என்று பெரிய சலசலப்பு எழுந்தது. ஃபில்டர் எதுவும் இல்லை. பல படங்களைச் சேர்க்கும்போது அடிப்படையாக எடுத்துக்கொள்ள வேண்டிய கூரான படத்துக்குப் பதிலாக வேறொன்றைத் தேர்ந்தெடுக்கும் மென்பொருள் குறை என்று ஆப்பிள் சொன்னது, ஐ.ஓ.எஸ். 12.1இல் திருத்தியது. சேர்க்கும் கணக்கில் ஒரு தேர்வு தவறினால் முகமே மாறிவிடும்.

நிறமும் தோலும்

2020 செப்டம்பர் 9ஆம் தேதி காலை, அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் வானம் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. காட்டுத்தீயின் புகை சூரியனை மறைத்திருந்தது. ஊரே போனைத் தூக்கிப் படம் எடுத்தது. பலருடைய போனில் வந்தது மங்கலான சாம்பல் வானம். போனில் கோளாறு ஏதும் இல்லை. மஞ்சள் பல்பின் கீழும் வெள்ளைச் சட்டை வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக எல்லாக் கேமராவிலும் ஒயிட் பேலன்ஸ் என்ற திருத்தம் உண்டு. படம் முழுக்க ஆரஞ்சாக இருப்பதைக் கண்ட போன், இது விளக்கின் கோளாறாகத்தான் இருக்கும் என்று நினைத்து நிறத்தைக் கழித்துவிட்டது. ஒயிட் பேலன்ஸைக் கையால் நிறுத்தி வைத்தவர்களுக்குத்தான் ஆரஞ்சு கிடைத்தது. கார்த்திகை அகல் விளக்கின் பொன்னிறம் உங்கள் படத்தில் டியூப்லைட் வெள்ளையாக வருவதும் இதே காரணத்தால்தான்.

தோல் விஷயத்தில் இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. கறுத்த முகத்தைக் கண்டதும் வெளிச்சம் போதவில்லை என்று முடிவுகட்டி ஏற்றிவிடும் போன்கள் நிறைய. அதற்குமேல் முன்பக்கக் கேமராவில் பியூட்டி மோட் வேறு. கேட்காமலேயே தோலை வெளுப்பாக்கி, தாடையைக் குறுக்கி, அம்மாவின் நெற்றிச் சுருக்கத்தை அழித்துவிடும். பிலிம் காலத்திலேயே இந்தச் சாய்வு இருந்தது. கோடாக் லேப்களில் நிறம் சரிபார்க்கப் பல்லாண்டுகள் பயன்பட்ட அட்டைகளில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். கூகுள் 2020இல் தன் புதிய பிக்சல் போன்களில் முகத் திருத்தத்தை அணைத்தே கொடுக்கத் தொடங்கியது. 2021இல் பிக்சல் 6 உடன் ரியல் டோன் என்று கறுத்த தோலுக்கான திருத்தங்களைச் சேர்த்தது. தாமதம்தான், ஆனாலும் ரசனையை மாற்றினால் படம் மாறும் என்பதற்கு இதுவே சாட்சி.

நிலாவை வரைந்த கதை

2023 மார்ச்சில் இணையத்தில் ஒருவர் எளிய சோதனை ஒன்றைச் செய்து காட்டினார். நிலாவின் படத்தை 170 பிக்சலுக்குச் சுருக்கி, கலங்கலாக்கி, கணினித் திரையில் போட்டு, அறையின் மறுகோடியில் நின்று சாம்சங் போனின் ஜூமில் எடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்களும் மேடுகளும் படத்தில் வந்தன. காட்சியில் நிலா இருப்பதை அடையாளம் கண்டு நுணுக்கங்களை மேம்படுத்துகிறோம், சீன் ஆப்டிமைசர் என்ற அந்த அமைப்பை அணைத்தால் அது நடக்காது என்று நிறுவனம் விளக்கம் கொடுத்தது. நிலா எப்போதும் பூமிக்கு ஒரே முகத்தைத்தான் காட்டும் என்பதால் மென்பொருளுக்கு அதைக் கற்றுக்கொடுப்பதும் சுலபம்.

பல படங்களைச் சேர்ப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். அங்கே விவரம் காட்சியிலிருந்து வந்தது. இங்கே வேறெங்கோ கற்றதிலிருந்து வருகிறது. நிலா என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். தூரத்துப் பெயர்ப்பலகையை முப்பது மடங்கு ஜூமில் எடுக்கும்போது எழுத்து போலவே இருந்து எந்த எழுத்தும் இல்லாத கிறுக்கல் வருகிறதே, அது இதன் ஒன்றுவிட்ட தம்பி.

மெகாபிக்சல் பற்றி ஒரு வார்த்தை

108, 200 என்று விளம்பரம் செய்தாலும் வழக்கமான முறையில் அந்தப் போன்கள் ஒன்பது அல்லது பதினாறு பிக்சல்களை ஒன்றாகக் கூட்டி 12 மெகாபிக்சல் அளவிலான படமாகத்தான் கொடுக்கின்றன. சென்சாரின் பரப்பு பெரிதா என்று கேளுங்கள். இந்த எண்ணைப் பார்த்து மட்டும் போன் வாங்காதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் லென்ஸைத் துடையுங்கள். விரல் ரேகை எண்ணெயைவிடப் பெரிய எதிரி கிடையாது.

அடுத்தது பெரும்பாலான போன்களில் உள்ள, ஆனால் பலர் தொடாத ஒன்று: திரையில் ஒரு இடத்தைத் தட்டினால் பக்கத்தில் சூரியன் போன்ற குறி வரும். அதைக் கொஞ்சம் கீழே இழுங்கள். நிழல் நிழலாகத் திரும்பி வரும், முகத்துக்கு வடிவம் வரும். பாதிப் புகார் இதிலேயே தீர்ந்துவிடும். பியூட்டி மோடையும் சீன் ஆப்டிமைசரையும் அமைப்புகளில் தேடி அணையுங்கள். ஒவ்வொரு போனிலும் பெயர் சற்று மாறும். புதிய ஐபோன்களில் போட்டோகிராஃபிக் ஸ்டைல்ஸ் என்ற பகுதி இருக்கிறது. அங்கே பளபளப்பைக் குறைத்துக்கொள்ளலாம்.

இருட்டில் ஜூம் வேண்டாம், இரண்டடி முன்னால் நடங்கள். ஜூம் லென்ஸின் சென்சார் பெரும்பாலும் பிரதான சென்சாரைவிடச் சிறியது. ஒளி போதாவிட்டால், நீங்கள் மூன்று மடங்கைத் தேர்ந்தெடுத்தாலும், பல போன்கள் சொல்லாமல் கொள்ளாமல் பிரதான கேமராவின் படத்தையே வெட்டிப் பெரிதாக்கிக் கொடுக்கும்.

இன்னும் ஒரு படி போக நினைப்பவர்களுக்கு ரா ஃபைல் உண்டு. சமைக்காத தரவு அது. நிழல், நிறம், கூர்மை எல்லாவற்றையும் லைட்ரூம் போன்ற செயலியில் நீங்களே முடிவு செய்யலாம். சாதாரண ரா என்பது பெரும்பாலும் ஒரே ஒரு படம், அதனால் நாய்ஸ் அப்படியே இருக்கும். ஆப்பிளின் புரோரா, 2020 டிசம்பரில் ஐபோன் 12 புரோவுக்கு வந்தது, பல படங்களைச் சேர்த்த பிறகு கிடைப்பது. 12 மெகாபிக்சல் புரோரா ஒன்று சுமார் 25 எம்.பி. பிடிக்கும், 48 மெகாபிக்சல் என்றால் 75 எம்.பி. தினசரிப் படங்களுக்கு இது வீண் வேலை, பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்குத் தகும்.

ஆண்ட்ராய்டில் ஓபன் கேமரா என்ற இலவசச் செயலி ஒயிட் பேலன்ஸ் முதல் ஷட்டர் வரை கையில் கொடுத்துவிடும், போன் இடம் கொடுத்தால் ரா ஃபைலும் எடுக்கும். ஐபோனில் ஹேலைட் செயலி 2024இல் புராசஸ் ஜீரோ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரே ஒரு படம், சேர்த்தல் கிடையாது, மணல் தெரியும். எனக்குப் பகலில் பிடிக்கும், இரவில் பிடிக்காது. இதைவிட எனக்குச் சுவாரசியமாகப் பட்டது 2025இல் அடோபி இலவசமாக வெளியிட்ட புராஜெக்ட் இண்டிகோ. அதன் பின்னால் இருப்பவர் எச்.டி.ஆர். பிளஸ் குழுவை நடத்திய அதே மார்க் லெவாய். 2020இல் அடோபிக்குப் போனவர். இந்தச் செயலி 32 படங்கள் வரை சேர்க்கிறது, ஆனால் நிழலை அளவாக ஏற்றி, கூராக்குவதையும் துடைப்பதையும் குறைத்துக்கொள்கிறது. சேர்த்தலை முழுதாக வைத்துக்கொண்டு ரசனையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். படம் வந்து சேரச் சில விநாடிகள் ஆகும், போன் சூடாகும்.

கடைசியாக, கேமராவின் மேல் விழும் ஒரு பழி வாட்ஸ்அப்புடையது. அது அனுப்பும்போது படத்தைச் சுருக்கி அமுக்கிவிடும். எச்.டி. என்பதைத் தட்டி அனுப்புங்கள், அல்லது டாக்குமென்டாக அனுப்புங்கள். உங்கள் திரையில் ஜொலித்த வானம் அடுத்தவர் திரையில் சப்பென்று இருந்தால் அதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். புதிய போன்கள் படத்தோடு கூடுதல் வெளிச்சக் குறிப்பையும் சேமிக்கின்றன. அதைப் படிக்கத் தெரிந்த திரையில் மட்டுமே ஜொலிப்பு தெரியும்.

ஐபோன்காரர்கள் மேலே சொன்னவற்றை மாற்றிய கையோடு, கேமரா அமைப்புகளில் "பிரிசர்வ் செட்டிங்ஸ்" பகுதிக்கும் போய் வேண்டியவற்றை இயக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் புரோரா தேர்வு அடுத்த முறை கேமராவைத் திறக்கும்போது பழையபடி ஆகிவிடும்.